தீபாவளிக்குக் கொண்டுபோன சோறு

பிரியாவிடை விருந்தில் எனக்கு மட்டும் மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்தால் போதும், சதாசிவம். அரிசிச் சோறு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஜப்பான்காரன் காலத்துக் கிழங்கை இன்னும் விடாத மனிதர் என்று சங்கத்தில் என்னைக் கேலி செய்வது தெரியும். செய்யட்டும்.

நான் ஓய்வு பெறுவதை முன்னிட்டுச் சங்கம் மலர் போடுகிறது. செயலாளர் என்ற முறையில் நீங்கள் மூன்று விஷயம் கேட்டீர்கள். என் ஆராய்ச்சி, என் சமூகத் தொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குகைகளில் ஏறி இறங்கும் என் பைத்தியம். தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. அதனால் சேர்த்தே சொல்கிறேன். எதைப் போடுவது, எதை விடுவது என்பது உங்கள் பாடு.

சண்டைக்கு முன்பே அரசாங்க மலேரியா ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தவன் நான். ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சதுப்பில் கொசுப் புழு அள்ளுவது வேலை. தோட்டத்து ஜனங்கள் எனக்குக் 'கொசு ஐயா' என்று பெயர் வைத்தார்கள். நான் அள்ளிய புழுவை வைத்து வெள்ளைக்கார டாக்டர் கட்டுரை எழுதினார். அதில் துரைசிங்கம் என்ற பெயர் ஒரு மூலையிலும் இல்லை. யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு அது மிகவும் வலித்தது.

ஞாயிறானால் குகை. "இண்டைக்கும் வௌவால் பார்க்கத்தான் போறியளோ?" என்று என் மனைவி ஞானம்மா கேட்பாள். கோப்பெங் போகும் வழியிலுள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் நான் நுழையாத பொந்து இல்லை. அதில் ஒரு குன்றின் நடுவே, கிணறு மாதிரி ஒரு பெரிய பள்ளத்தைக் கண்டுபிடித்தேன். குகை வழியாகப் போய், நூலேணி போட்டுத்தான் இறங்க முடியும். அடியில் குளம், மேலே வட்டமாக வானம், சுற்றிலும் வழவழப்பான பாறைச் சுவர். நூலேணி நானே பின்னியது. அந்த இடத்தை யாருக்கும் காட்டியதில்லை.

நாற்பத்துநாலின் கடைசியில் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் மறுபடி ஆள் பிடிக்க வந்தார்கள். பால்மரம் வெட்டும் சீனி என் காலைப் பிடித்துக்கொண்டான். "எங்கயாச்சும் ஒளிச்சு வைங்க ஐயா. சயாமுக்குப் போனவன் ஒருத்தனும் திரும்பி வரல." அவனோடு சேர்த்து எட்டுப் பேரை அழைத்துப்போய்ப் பள்ளத்தில் இறக்கினேன். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. சீனியின் மனைவி வீரம்மா, புருஷனை ரயிலில் ஏற்றிவிட்டார்கள் என்றே நம்பினாள். நான் பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். இதை நீங்கள் மலரில் போடலாம்.

கொசு பிடிப்பதற்கென்று எனக்கு அனுமதிச் சீட்டு இருந்ததால் வழியில் யாரும் தடுக்கவில்லை. ஞாயிறுதோறும் கிழங்கு வற்றல் கொண்டுபோவேன். மேலே வரும்போது ஏணியைச் சுருட்டி எடுத்துவிடுவேன். அது அவர்களுடைய பாதுகாப்புக்காக.

அவர்கள் காய்ச்சலோடுதான் வந்திருந்தார்கள். மலேரியாவைக் குணப்படுத்தும் கொய்னா மருந்து முழுக்க ஜப்பான்காரன் கையில். காட்டு மரப்பட்டை ஒன்றின் கஷாயம் மலேரியாவுக்குக் கேட்கும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் இருந்தது. இங்கே எட்டுப் பேர், ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு, ஒரே கொசுக்கடி, வெளியே போக வழியில்லை. இப்படி ஒரு வசதி எந்த ஆராய்ச்சிக்காரனுக்கும் வாய்க்காது. பாதிப் பேருக்குக் கஷாயம் கொடுத்தேன். மீதிப் பேருக்குப் பாகற்காய்ச் சாறு. ஒப்பிட்டுப் பார்க்காமல் மருந்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. படித்த யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

சீனிக்குப் பாகற்காய்ச் சாறு. "உங்க மருந்து கசந்தாலும் உசுரக் காக்குதுங்க ஐயா" என்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். என் அலமாரியில் கொஞ்சம் கொய்னா ஒளித்து வைத்திருந்தேன். கொடுத்திருந்தால் முடிவு கெட்டுப்போயிருக்கும்.

ஆகஸ்டில் ஜப்பான்காரன் சரணடைந்தான். அந்த ஞாயிறு சொல்லத்தான் போனேன், சதாசிவம், சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். ஆனால் ஒரு மழைக்காலத்தில் தொடங்கியதை அடுத்த மழைக்காலம் வரை பார்த்தால்தான் ஆராய்ச்சி முழுமையாகும். வெள்ளைக்கார டாக்டர் திரும்பி வருவார், நல்ல மருந்து வரும், என் உழைப்பு மறுபடி அவர் பெயரில் போகும். ஊரும் சரியில்லை, ஜப்பான்காரனை எதிர்த்து மலையில் மறைந்திருந்தவர்கள் துப்பாக்கியோடு இறங்கிப் பழி தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே இருப்பதுதான் அவர்களுக்கு நல்லது என்று எனக்குப் பட்டது.

"சண்ட முடிஞ்சிருச்சுங்களா ஐயா?" என்று சீனி வாராவாரம் கேட்பான்.

"இன்னும் கொஞ்ச நாள்" என்பேன்.

அந்தக் கொஞ்ச நாளில் மூன்று பேர் காய்ச்சலில் போனார்கள். அதில் பத்துமலை என்பவன் கஷாயம் குடித்தவன். மற்ற இரண்டு பேரும் சாறு குடித்தவர்கள். ஓரமாகக் கல் அடுக்கி மூடினோம்.

தீபாவளி வந்தது. ஜப்பான்காரன் இருந்தவரை கண்ணில் படாத அரிசியை அலுவலகத்தில் கொடுத்தார்கள். பாவம், எத்தனை காலமாகக் கிழங்கு தின்கிறார்கள் என்று மனசு கேட்கவில்லை. ஞானம்மாவிடம் சொல்லி ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறையச் சோறு ஆக்கி எடுத்துப்போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த பிழை அது ஒன்றுதான்.

சீனி ஒரு பிடி அள்ளினான். முகர்ந்தான். வாயில் வைக்கவில்லை.

"இது அரிசிச் சோறுலா, ஐயா."

கள்ளச் சந்தையில் வாங்கினேன் என்றேன்.

"அஞ்சு பேரு வயிறார திங்கிற அளவுக்கா?"

மற்றவர்களும் கையை நிறுத்திவிட்டார்கள். சீனி என்னையே பார்த்தான். "எப்பங்க ஐயா முடிஞ்சிச்சு? பத்துமலை சாகறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

நான் ஏணியில் ஏறினேன். யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. ஐயா மேல் கை வைக்கிற ஜனங்கள் இல்லை அவர்கள். மேலே போனதும் ஏணியைச் சுருட்டினேன். யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கீழே சீனி கையில் சோற்றோடு நின்றுகொண்டிருந்தான். "ஏணி, ஐயா" என்று மெதுவாகச் சொன்னான், நான் மறந்துவிட்டதாக நினைத்து நினைவூட்டுகிறவன் மாதிரி.

அடுத்த ஞாயிறு கட்டாயம் போவதாக இருந்தேன். அன்றைக்குத்தான் நம் சங்கம் சிலிபின் வட்டாரத்தில் சயாமுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு அரிசி கொடுத்தது. நான்தான் தலைமை, விட்டுப் போக முடியவில்லை. வீரம்மா என் கையால் வாங்கிக்கொண்டு காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அதற்கடுத்த ஞாயிறு பலத்த மழை. குன்றின் அடிவாரம் வரை சைக்கிளில் போனேன். ஏதோ குரல் போலக் கேட்டது. அந்தக் குன்றுகளில் மழைச் சத்தமே அப்படித்தான் இருக்கும். திரும்பிவிட்டேன். அப்புறம் அவசரம் எதுவும் இருக்கவில்லை.

கட்டுரை வெளிவந்தது, என் பெயர் மட்டும் போட்டு. அந்தக் கஷாயத்தால் பயனில்லை என்பதுதான் முடிவு. இல்லை என்று நிறுவுவதும் ஆராய்ச்சிதான். அதற்குத்தான் பதவி உயர்வு கொடுத்தார்கள். நோயாளிகள் பின்னர் இடம் பெயர்ந்துவிட்டதாக எழுதியிருந்தேன்.

இன்னமும் ஞாயிறுதோறும் அங்கே ஏறுகிறேன். பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருப்பேன். சீனி கேட்கிறான், சதாசிவம். கோபம் இல்லை, அதே மரியாதை. "சண்ட முடிஞ்சிருச்சுங்களா ஐயா?" "இன்னும் கொஞ்ச நாள்" என்று சொல்லிவிட்டு இறங்குவேன். சோற்றைப் பார்த்தால் அந்தக் கை ஞாபகம் வருகிறது. அதனால்தான் கிழங்கு கேட்டேன்.

நான் அவர்களைக் கொன்றுவிட்டதாக உங்களுக்குத் தோன்றலாம். நான் ஏணியை எடுத்து வைத்தேன், வேறொன்றும் செய்யவில்லை. அது என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. தவறாமல் எண்ணெய் தடவுகிறேன். கயிறு ஓரிடத்திலும் இற்றுப்போகவில்லை. மழை இல்லாவிட்டால் வருகிற ஞாயிறு இறக்கிவிடலாம் என்றிருக்கிறேன்.