எதிர்வீட்டம்மா உடைந்த நாள்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, நன்றி. எங்கள் கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் பதினெட்டு வருஷம் முதுகு ஒடிய உட்கார்ந்தவன் நான்.

வீட்டில் எல்லோருக்கும் நான் வானிலை ஆபீஸ் குமாஸ்தா. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. உண்மையில் நான் ஓட்டியது ஒரு ராணுவச் செயற்கைக்கோள். பிற நாட்டுச் செயற்கைக்கோள்களின் அருகே போய் எட்டிப் பார்க்கும், தேவைப்பட்டால் இடித்துத் தள்ளும். எதிர்வீட்டம்மா என்று பெயர் வைத்திருந்தோம். வானத்தில் சுற்றும் பொருள்களின் பட்டியலில் அது கிடையாது.

என் தங்கை புருஷன் விண்வெளி வீரர். அவர் மேலே மிதந்தபடி பல் தேய்ப்பதை நாடே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. நானும் தினம் பல் தேய்க்கிறேன். கிளம்புமுன் நடந்த விருந்தில் மாப்பிள்ளை என் தோளைத் தட்டி, "மச்சான் கீழேருந்து மழை வரும்னு சொல்வாரு. வருதா இல்லையான்னு நான் மேலேருந்து பாத்துச் சொல்றேன்" என்றார். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எதிர்வீட்டம்மாவின் எரிபொருள் கலன் வெடித்தது. சிதறிய துண்டுகளின் பாதையைக் கணக்கிட்டேன். மாலை நாலே காலுக்கு மாப்பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் இருக்கும் விண்வெளி நிலையத்தில் மோதும். ஒரு எச்சரிக்கை போதும், நிலையத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார்கள். ஆனால் எச்சரிக்கைப் படிவத்தில் பொருளின் பட்டியல் எண்ணைப் போட வேண்டும். எண் இல்லாவிட்டால் படிவம் நகராது. எங்கள் பொருளுக்கு எண்ணே இல்லை. இல்லாத ஒன்று எப்படி உடையும்? எங்கள் மேதாவிகள் போட்ட விதி இது, நான் போட்டதல்ல.

இரண்டு மணிக்குத் தங்கை போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, மாடியில துணி காயுது. மழை வருமா?"

"வராதும்மா. மேலே எல்லாம் சுத்தமா இருக்கு."

"சாயங்காலம் அவர் வீடியோல பேசுவாரு. நீயும் வாயேன்."

வேலை இருக்கிறது என்றேன். நாலே காலுக்கு நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்த சமிக்ஞை நின்றது. அவள் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தத் தாளை என் பக்கம் திருப்ப வேண்டாம், எனக்குத் தலைகீழாகவும் படிக்க வரும். பதினொன்றரைக்கு எங்கள் தலைவர் அனுப்பியது அது. ரகசியம் போனால் போகட்டும், மூன்று உயிர், படிவத்தை விட்டுவிட்டுப் போனிலேயே சொல்லிவிடு என்று எழுதியிருந்தார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டது நான்தான். படித்தேன், மடித்துப் பையில் வைத்தேன், சாப்பிடப் போனேன். அவர் மறுபடி கேட்டபோது சொல்லியாயிற்று என்றேன். போன் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.

பொறாமை என்று மட்டும் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். பல் தேய்க்கிற ஆளோடு எனக்கென்ன போட்டி?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேப்பரில் என் வேலை என்னவென்று சரியாகப் போட்டிருந்தார்களா? அம்மா படித்தாளா?