மிஸ்ஸி கலாதேவி காட்டாத முதுகு

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, மிஸ்ஸியின் மருமகள் பிரமிளா அவர்களே, நோயாளிகளின் வீடுகளிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, படுக்கை நோயாளர் உதவிக் குழுத் தோழர்களே, வணக்கம். குழுவின் செயலாளர் தர்மேந்திரன் பேசுகிறேன். இந்த இரங்கல் கூட்டத்தில் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்காரச் சொன்னார்கள். எப்படிச் சொல்வேன்? ஓய்வுபெற்ற தாதி, நம் குழுவைத் தொடங்கிய மிஸ்ஸி கலாதேவி, நம்மை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறார்!

அந்த முதல் வகுப்பு நினைவிருக்கிறதா? நம் தோழர் ராஜுவைக் கட்டிலில் நோயாளிபோலப் படுக்க வைத்து, "இடப்பக்கம் திருப்புங்க" என்றார். ராஜுவின் கால்மாட்டில் எதிரே நின்ற நாம் அவரவர் இடப்பக்கம் இழுத்தோம். ராஜு கீழே விழப் பார்த்தார்! "படுத்திருக்கிறவரோட இடதுதான் இடது! நீங்க எங்க நின்னா எனக்கென்னலா?" என்று கத்தினார் மிஸ்ஸி. மல்லாக்க, ஒருக்களித்து, குப்புற, தலைப்பக்கம் உயர்த்தி அரை உட்கார்வாக என்று ஒவ்வொன்றையும் நம் வாய்க்கு வரும் சொல்லில் சொல்லிக் கொடுத்தவர் அவர். வேலை செய்த தோட்டங்கள் மூடப்பட்டு இடம்பெயர்ந்து, லிப்ட் ஓடாத மாடி வீடுகளில் முடங்கியவர்களை நாம் படுக்கைப்புண் இல்லாமல் காத்தது அந்தச் சொற்களால்தான்.

தஞ்சோங் ரம்புத்தான் ஊரில் படுத்த படுக்கையாக இருக்கும் சீனி அண்ணன், நாம் போன முதல்நாள் சட்டையைக் கழற்ற விடாமல் அழுதார். "முதுகுல என்னண்ணே வெட்கம்? நீங்களே பாக்காத இடம்லா அது!" என்றார் மிஸ்ஸி. அண்ணன் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் மிஸ்ஸி நம்மிடம் சொன்னார்: "நோயாளி வாயைக் கேக்காதீங்க. முதுகைப் பாருங்க."

அப்படிச் சொன்னவர், இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது என்ன செய்தார்? போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "இப்பதான் பிரமிளா திருப்பிவிட்டா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். நாம் குடித்துவிட்டு வந்தோம். மிஸ்ஸியின் போர்வையைத் தூக்கிப் பார்க்க நம்மில் யாருக்குத் துணிச்சல் வரும்? உள்ளே முதுகின் அடியில் புண் எலும்புவரை போயிருந்தது. அதன் கிருமிதான் அவர் உயிரைக் குடித்தது.

பிரமிளாவை யாரும் குறை சொல்லாதீர்கள். குழுவைக் கூப்பிடலாம் என்று அவர் கெஞ்சியிருக்கிறார். "குழுவைக் கூப்பிடாத. அவங்க கண்ணுல என் முதுகு படக்கூடாது. வெட்கமா இருக்கு" என்று வாயை அடைத்திருக்கிறார் மாமியார்.

வெட்கமா, மிஸ்ஸி? அப்படியென்றால் இத்தனை ஆண்டும் உங்களை நம்பி நோயாளிகள் நமக்கு முதுகைக் காட்டினார்களே, அவர்களெல்லாம் மானங்கெட்டவர்களா? அவர்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? என் நெஞ்சு கொதிக்கிறது!

இன்று காலை சீனி அண்ணன் வீட்டுக்குப் போனேன். செய்தி எட்டியிருக்கிறது. ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸிக்கே வெட்கம்னா எனக்கு இருக்காதா? தொடாத, போ" என்றார். திருப்பாமலே வந்தேன். மிஸ்ஸி நமக்கு விட்டுப்போனது இதுதான். இந்தப் படத்துக்கு மாலை போட்டால் அண்ணன் திரும்பிப் படுப்பாரா?

தோழர்களே, வேலை நிற்காது. இது சபதம். கூட்டம் முடிந்ததும் நான் தஞ்சோங் ரம்புத்தான் போகிறேன். அண்ணன் கட்டிலருகே பாய் விரித்து, சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுக்கிறேன். என் முதுகில் தேமலும் உண்டு, கொப்புளமும் உண்டு. அவர் வேண்டுமட்டும் பார்க்கட்டும், சிரிக்கட்டும். அவர் கம்பியை விடும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன்.