கண்ணாடி அலமாரியில் வைத்த ஜாக்கி ஸ்டாண்டுகள்

எனக்கு வயது இருபத்தாறு. இரும்புக் கடைத் தெருவின் கடைசி வீட்டு மாடியில் கணவர், கைக்குழந்தையோடு வாடகைக்குக் குடியிருக்கிறேன். வேதியியல் பட்டதாரி. குழந்தை பிறந்தபின் வேலைக்குப் போகவில்லை. என் கணவர் அதே தெருவிலுள்ள கார் பட்டறையில் மெக்கானிக். அவருடைய கவனக்குறைவால்தான் கார் அவர் மேல் இறங்கியது என்று பட்டறை முதலாளி எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டி விசாரித்ததன் பேரில் நான் சொல்வதாவது:

காரை ஜாக்கியால் தூக்கியபின், அடியில் ஆள் படுத்து வேலை செய்யும்போது பாரத்தைத் தாங்குவது ஜாக்கி ஸ்டாண்டுதான். பட்டறையிலிருந்த பழைய ஸ்டாண்டுகளில், உயரம் இறங்காமல் குறுக்கே செருகும் இரும்புப் பின் தொலைந்துபோய், அதற்குப் பதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி வேலை நடப்பதாக என் கணவர் ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதன்பிறகு நானே அவரைக் கடைக்கு இழுத்துப்போனேன். கடைக்காரர், "எல்லாம் இரும்புதாம்மா, கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றார். நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் எடுத்தேன். பெட்டியில் தாங்கும் என்று போட்டிருந்த எடை ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று கேட்டேன். ஜோடிக்குத்தான் என்று அவரே படித்துப் பார்த்துச் சொன்னதும் அதை ஒதுக்கினேன். வெல்டிங் பொட்டுப் பொட்டாக வைத்திருந்ததையும், தரையில் நாலு காலும் ஒட்டாமல் ஆடியதையும் ஒதுக்கினேன். அகலமான அடிப்பாகமும், உயரத்தைப் பிடிக்கும் பல் வழுக்கினாலும் பிடித்துக்கொள்ளத் தனிப் பின்னும் உள்ள ஜோடியை வாங்கினோம். "இன்ஸ்பெக்டரம்மா ஓகே சொல்லியாச்சா, போலாமா?" என்று என் கணவர் கிண்டல் செய்தார்.

அதன்பிறகு அவர் அவற்றைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். முதலாளி, "இதப் போயி கிரீஸ்ல புரட்டுவாங்களாப்பா? வர்ற கஸ்டமர் பாக்கட்டும்" என்று சொல்லி, தன் நாற்காலிக்குப் பின்னாலுள்ள கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வேலை பழைய ஸ்டாண்டிலேயே நடந்தது. என் கணவர் சாவி கேட்டபோதெல்லாம், "பொண்டாட்டி பயப்படுறான்னா வீட்லயே உக்காந்து தொட்டில் ஆட்டு" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வாராம். அதன்பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் வீட்டில் கேட்பதை நிறுத்தவில்லை.

சம்பவத்தன்று காலை குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது, பட்டறையில் நசுங்கிய தகட்டைத் தட்டி எடுக்கும் டிங்கர் வேலை செய்யும் அண்ணன் போன் செய்து, "தங்கச்சி, பதறாத. மாப்பிள்ளை மேல வண்டி எறங்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம்" என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போகிற வழியில்தான் பட்டறை. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். அதே கார் மறுபடி தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அடியில் நான் பார்த்துப் பார்த்து வாங்கிய ஸ்டாண்டுகள். கடையில் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

முதலாளி, "நீயே பாரும்மா, ஸ்டாண்டு குத்துக்கல்லாட்டம் நிக்குது. உன் புருஷன்தான் சரியா வைக்கல" என்றார். பழசு எங்கே என்று கேட்டேன். "எந்தப் பழசு?" என்றார். டிங்கர் அண்ணன் எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார். அங்கே பழைய இரும்புக் குவியலில், கால் விரிந்துபோன ஸ்டாண்டு கிடந்தது. அதன் ஓட்டையில் முறிந்த ஸ்க்ரூடிரைவர் சிக்கியிருந்தது. அதை எடுத்தேன்.

"அம்மா, கீழ வை. பட்டறைய மூடினா நாலு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்" என்றார் முதலாளி.

"என் குடும்பம் எங்க நிக்குது சார்?" என்று கேட்டேன்.

அதன்பிறகு இடுப்பில் குழந்தையும் மறு கையில் ஸ்டாண்டுமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல் காவலர் அதை வெளியே வைக்கச் சொன்னார். குழந்தையை வேண்டுமானால் வைக்கிறேன், இதை வைக்க மாட்டேன் என்றேன். என் கணவரின் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். நினைவு திரும்பியதும் அவர், "முதலாளியப் பகைச்சுக்காத. நாளைக்கு நான் வேலைக்குப் போக வேணாமா?" என்றார். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அதைப் பார்த்தபடியே "சரிங்க" என்றேன். அதன்பிறகு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். ஸ்டாண்டைத் தங்கள் மேசைமேல் வைத்திருக்கிறேன்.

எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டினார். "எதிர்பாராத விதமாக வண்டி சரிந்து" என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "எல்லா விபத்துக்கும் அப்படித்தாம்மா எழுதுவோம்" என்றார். பழையது ஆகாது என்று முதலாளிக்குத் தெரியும், நல்லது பூட்டியிருந்தது, சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது, இதில் எதிர்பாராதது எது என்று கேட்டேன். அந்த வரியை அடித்தார். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டேன். அடித்தது போக மீதியெல்லாம் நான் சொன்னது. நான் சொன்னதெல்லாம் நடந்தது.

(ஒப்பம்)