பல்லி சொன்னால் தட்ட வேண்டும்

நான் மேசையைத் தட்டுவதைத் தப்பாக எடுக்காதீர்கள், மிஸ். எங்கள் பக்கம் பல்லி சொன்னால் விரலால் தட்டுவது பழக்கம். கதைத்துக்கொண்டிருக்கும்போது அது சொன்னால், கதைத்தது உண்மை. படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே தட்டுவார்கள்.

பெயர் கோகுலன். நெல்லியடியில் எங்கள் கொம்பனிக்கு ஒரு கிளை உண்டு. மூச்சு முட்டுகிறவர்களின் வீடுகளுக்கு ஒட்சிசன் மெசினைக் கொண்டுபோய்ப் பூட்டுவது, பிறகும் போய் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது, குறையிருந்தால் கொழும்புக்கு அறிவிப்பது, இதுதான் என் வேலை. விற்றதோடு பொறுப்பு முடியாது என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். என் பகுதியிலிருந்து ஒரு முறைப்பாடும் போனதில்லை. வருடக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்கள்.

அந்த மெசின் வெளிக்காற்றை இழுத்து, ஒட்சிசனைப் பிரித்து, குழாயால் அனுப்பும். பிரிப்பது உள்ளே இருக்கும் ஒருவித மணல். அதற்கு ஈரம் ஆகாது. எங்கள் கடற்காற்றுக்கு அது வேளைக்கே செத்துவிடும். செத்தாலும் மெசின் இரையும், பச்சை விளக்கு எரியும், குழாயால் காற்று வரும். வெறும் காற்று. உங்களுக்கும் எனக்கும் அது போதும். அந்த நேரத்தில்தான் மெசின் ‘கீச், கீச்’ என்று கத்தத் தொடங்கும்.

முதல் வீடு ஏரம்பு ஐயாவினுடையது. ஒரு காலத்தில் கடலில் தோணி ஓட்டியவர், நெஞ்சு பழுதாகிப் படுக்கையில் கிடந்தார். அவருடைய மனைவி மகாதேவி அம்மா அவசரமாகக் கூப்பிட்டார். நான் போனபோது வாசலில் கோலம், மகள் தக்சாயினி பட்டுச் சேலையில். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள்.

“தம்பி, உது காலமை துவக்கம் கத்துது. நல்ல கதை கதைக்கிற நேரத்திலை உப்பிடிக் கத்தினால் வாற சனம் என்ன நினைக்கும்? சாவைக் கூப்பிடுற சத்தமெல்லே உது.”

“கூப்பிட்டால் வரட்டுமன்,” என்றார் ஏரம்பு ஐயா, மூச்சை இழுத்து இழுத்து. “வாறவருக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்து.”

“நெஞ்சைப் பிடிச்ச வருத்தம் உந்த வாயைப் பிடிக்கேல்லையே.”

அது ஏன் கத்தியது என்று அப்போது எனக்குத் தெரியாது. மெசினைத் திறந்தேன். சத்தம் போடும் சின்ன வில்லைக்கு ஒரு வயர் போனது. குறட்டால் வெட்டினேன். வீடு அமைதியானது. “நீர் நல்லாயிருப்பீர், தம்பி,” என்று மகாதேவி அம்மா பயித்தம்பணியாரம் கட்டித் தந்தார். அன்றே கலியாணம் பொருந்தியது.

மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த வாழைக்குலை பழுத்து முடியுமுன் ஐயா போய்விட்டார். எட்டாம் நாள் செலவுச் சடங்குக்குப் பிறகு மெசினை எடுக்கப் போனேன். “உம்மடை மெசினிலை ஒரு குறையுமில்லைத் தம்பி. கடைசி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது,” என்றார் மகாதேவி அம்மா. கலியாணம் ஆண்டுத்திவசத்துக்குப் பிறகு என்று தள்ளிப்போனது.

மெசினை வடிவாகத் துடைத்தேன். புதுக் குழாய் போட்டுக் கொடிகாமத்தில் பூரணம் ரீச்சருக்குப் பூட்டினேன். ஓய்வுபெற்றவர், தனியாள். “சத்தம் போடாத பிள்ளையைத்தான் எனக்கு வகுப்பிலையும் பிடிக்கும்,” என்று மெசினின் தலையைத் தடவினார்.

பிறகு எந்த வீட்டில் கத்தினாலும் வெட்டினேன். நியாயத்தைக் கேளுங்கள், மிஸ். நான் அறிவித்திருந்தால் அந்த வகை மெசின்கள் எல்லாவற்றையும் திருப்பி எடுத்திருப்பார்கள். பிறகு இந்தச் சனம் எதைப் பிடித்து மூச்சு விடும்? ஷெல் சத்தத்துக்கு ஓடி ஓடி வளர்ந்த சனம் இது. அமைதியைத்தான் கேட்டார்கள், கொடுத்தேன். என்னிடம் வந்த முறைப்பாடெல்லாம் சத்தத்தைப் பற்றியது. சத்தம் நின்றபின் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.

ரீச்சரின் செத்தவீட்டில்தான் எனக்கு அது முதலில் கேட்டது. கீச், கீச். பல்லியாக்கும் என்று சுவரைப் பார்த்தேன். ஒன்றையும் காணவில்லை. ஆனாலும் கதிரைக் கையில் தட்டினேன். பிறகு என் வீட்டில் கேட்டது. கோயிலில் கண்ணை மூடினால் கேட்டது. மோட்டார்சைக்கிளில் போகும்போது தலைக்கவசத்துக்குள் கேட்டது.

போன மாதம் தக்சாயினி எங்கள் கிளை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணை, பல்லி சொன்னாலே பஞ்சாங்கம் விரிச்சுப் பலன் பாக்கிற சனம் நாங்கள். அண்டைக்கு உந்த மெசின் என்ன சொன்னதெண்டு ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?”

“அது ஒண்டும் சொல்லேல்லைத் தங்கச்சி.”

அந்த நேரம் பார்த்து எங்கும் ஒரு சத்தமும் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

ரீச்சர் வீட்டு மெசினை இந்த மேசையில் வைத்திருக்கிறீர்கள். ஓம், வெட்டியது என் குறடுதான். இனி அது கத்தாது. இந்த விசாரணை அறைச் சுவரிலும் பல்லி இல்லை, வந்தவுடனேயே பார்த்துவிட்டேன்.

ஏரம்பு ஐயா வீட்டில் அது ஏன் கத்தியது என்று தெரியாது என்றேனே, அப்போது நான் மேசையைத் தட்டவில்லை. கவனித்திருப்பீர்கள். வெட்டுவதற்கு முன்பே குழாயில் ஒட்சிசன் அளக்கும் மீற்றரைப் பிடித்துப் பார்த்தேன். வெறும் காற்று. ரீச்சருக்குப் பூட்டியதும் வெறும் காற்று என்று தெரிந்துதான் பூட்டினேன். மற்ற வீடுகளிலும் அப்படித்தான்.

இதோ, சொல்கிறது. தட்டுகிறேன்.

ஆனால் நான் ஒருவருக்கும் கெடுதல் நினைத்ததில்லை, மிஸ்.

கொஞ்சம் பொறுங்கள். இப்போது சொல்லும்.