ஹில்டா அம்மாவுக்கு ஒரு பாட்டில்

— அதத் தொறந்துறாதீக மொதலாளி! தங்கத்தாள் சுத்துனதெல்லாம் நல்ல சரக்காயிராது. அப்படியே மேசையில வையுங்க.

— ஏன்வே ஞானதுரை, பாக்க இதுதான அம்சமா இருக்கு? எம்மச்சினன் குருசாமி பம்பாய்க் கடையில "நுரைக்கிற ஒயின், நல்லதாக் குடு"ன்னு கேட்டு வாங்கியாந்தது. மூணு தினுசு.

— கடைக்காரன் கைக்கு வந்ததத் தலையில கட்டிட்டான். இங்க பாருங்க, மூடி பிளாஸ்டிக்கு. அடியில பொடி எழுத்துல "கார்பனேட்டட்"னு போட்டிருக்கு. நம்ம பஸ் ஸ்டாண்டு சோடாக் கம்பெனி பண்ணுத வேலைதான் இது. ஒயின ஊத்தி, கேஸ அடிச்சு, மூடிட்டான்.

— கேஸ் அடிக்காம நுரை எங்கிட்டு வரும்?

— நல்லதுல பாட்டிலுக்குள்ளயே ரெண்டாந்தரம் புளிக்க விடுவாக மொதலாளி. தோசை மாவு பொங்கி மூடியத் தள்ளுதுல்ல? அந்தக் காத்து வெளிய போக வழியில்லாம ஒயினுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கும். வருசக்கணக்கா.

— தோசை மாவு... இப்ப வெளங்குதுவே.

— சோடா நுரை தடியாப் பொங்கி அடுத்த நிமிசமே அடங்கிரும். இது அப்படியில்ல. பொடிப்பொடியா, பாசிமணி கோத்த மாதிரி, அடியில இருந்து ஏறிக்கிட்டே இருக்கும்.

— பதினோரு வருசமா நம்ம பேண்டேஜ் கம்பெனி வாசல்ல வாச்மேனா உக்காந்திருக்கீரு. கப்பல்ல சாப்பாடு பரிமாறுனேன்னு சொன்னதோட சரி. இம்புட்டு வித்தைய எங்கவே ஒளிச்சு வச்சிருந்தீரு?

— வாசல்ல இதுக்கு என்ன வேலை... அந்தம்மா நாளைக்கு எத்தன மணிக்கு வாராக?

— மதியம். மதுரையில இருந்து கார்ல. ஜெர்மனியில இருந்து இந்த ராஜபாளையத்துக்கு... நம்ம பேண்டேஜ வாங்குத ஹில்டா அம்மா இல்லேன்னா நம்ம தறியெல்லாம் எப்பவோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

— அந்த நனைஞ்ச சரக்கு வெவகாரம்தான?

— ஆமா. மொத லோடு தூத்துக்குடி மழையில நனைஞ்சு, அங்க போய்ப் பெட்டியத் தொறந்தா பூராவும் பூசணம். வேற ஆளுன்னா கேசு போட்டிருப்பான். அந்தம்மா, "பெட்டிக்குள்ள ஈரம் ஏறாத இந்தத் தாள வச்சுக் கட்டுங்க, இன்னொரு தடவ அனுப்புங்க"ன்னு மாதிரித் தாளும் சேத்து அனுப்புச்சு.

— எழுவது குடும்பம் பொழைக்குது, அந்த ஒரு கடுதாசியால.

— போன மாசம் எழுதியிருந்துச்சு... "எங்க ஊர்ல நல்லது நடந்தா நுரைக்கிற ஒயின் தொறப்போம். நீங்க என்ன செய்வீங்க?"ன்னு. நாமளும் தொறப்போமேன்னு தோணிச்சு. எனக்கு ஜெர்மன் பாசையில நன்றி சொல்லத் தெரியாதுல்லவே.

— நாளைக்குச் சாப்பாடு என்ன மொதலாளி?

— ஒயினுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

— அதுதான் சம்பந்தமே. சொல்லுங்க.

— வடை, அப்பளம், அவியல், சாம்பார்... கடைசியில பாயசம்.

— சரி. இந்த ரெண்டாவது பாட்டில்ல "டெமி செக்"னு இருக்கு. நல்லா இனிக்கும். பாயசத்துக்குப் பக்கத்துல வைக்கலாம். சில பாட்டில்ல "எக்ஸ்ட்ரா டிரை"ன்னு போட்டிருப்பான்...

— அது சுத்தமா இனிக்காது. இந்த இங்கிலீசு எனக்குந் தெரியும்வே.

— அங்கதான் எல்லாரும் ஏமாறுவாக! அது லேசா இனிக்கும். இனிப்பு வேண்டாம்னா "ப்ரூட்"னு பாத்து வாங்கணும். இந்தா, மூணாவதுல அதான் போட்டிருக்கு. கறுப்புப் பாட்டில். தூக்கிப் பாருங்க.

— எய்யா... என்ன கனம்!

— உள்ள இருக்க அழுத்தத்தக் கண்ணாடி தாங்கணும்ல. எண்ணெயில பொரிச்ச வடைக்கும் அப்பளத்துக்கும் இதுதான் சரியான சோடி.

— அப்ப முடிஞ்சுது. அதுல ரெண்டு பாட்டில் இருக்கு.

— எங்க முடிஞ்சுது? பம்பாயில இருந்து மே மாச வெயில்ல ரயில்ல வந்திருக்கு. உள்ளயே வெந்து போயிருந்தா? அந்தம்மா முன்னால தொறந்து மூஞ்சியச் சுழிச்சாகன்னா...

— ஐயையோ.

— ஒண்ண இப்பவே தொறந்து பாத்துருவோம். ஐஸ் பக்கெட்டுல தண்ணியும் ஊத்தி, ஒரு கை உப்பப் போடுங்க. செத்த நேரம் கழுத்து வரைக்கும் முங்கிக் கிடக்கட்டும்.

— ... அரை மணி நேரம் ஆச்சுவே. பாட்டிலத் தொட்டா கை மரத்துப் போவுது.

— இனிமே நீங்க தொறங்க.

— நானா? நீரு தொறந்து காட்டும்.

— நாளைக்கு அந்தம்மாவுக்கு நீங்கதான தொறக்கணும். ஒரு துணி எடுங்க.

— துணிக்கா பஞ்சம் நம்ம கம்பெனியில! ஒரு மொழம் பேண்டேஜ் துணி போதுமா?

— போதும். கார்க்கச் சுத்திக் கட்டியிருக்க கம்பிய அவுக்கும்போதே பெருவிரல் கார்க்கு மேல இருக்கணும். குலுக்காதீக! சாய்ச்சு, ஜன்னலப் பாத்துப் பிடிங்க. கார்க்கத் திருகாதீக... கார்க்க இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பாட்டிலத் திருப்புங்க.

— வருதுவே... முட்டுதுவே!

— விட்டுறாதீக. அமுக்கியே பிடிங்க. கொஞ்சங் கொஞ்சமா... மெதுவா...

— உஸ்ஸுன்னு ஒரு சத்தம். அம்புட்டுதானா? படார்னு வெடிக்கும்னு பாத்தேன்.

— வெடிச்சா பாதி நுரை தரையில. பெருமூச்சு விட்ட மாதிரிதான் கேக்கணும். டம்ளர்ல எண்ணெய்ப் பிசுக்கு இல்லையே? கொஞ்சமா ஊத்தி, நுரை அடங்குனப் பொறவு மறுபடி ஊத்துங்க.

— ஏ ஞானதுரை... நீரு சொன்ன மாதிரியே! எம்புட்டுப் பொடிசு! ஏறிக்கிட்டே இருக்குவே.

— நிறம் பழுக்கல. வைக்கோல் நிறந்தான். நல்லது... மொதலாளி, நான் வாசல் வரைக்கும் போயிட்டு...

— வாசல்ல பால்பாண்டி இருக்கான். உக்காரும்.

— இல்ல... ருசி பாக்குததுக்கு... எனக்குப் பல்லு வலி. ரெண்டு நாளா.

— ஒம்மள யாரு பாக்கச் சொன்னா? நான் பாக்குதேன்.

— நீங்களா! விளையாடுதீகளா? பொறந்ததுல இருந்து ஒரு சொட்டு தொட்டதில்லையே!

— ஒரு வாய்தான. நீரு ஜன்னலோரமா உக்காரும், காத்து வரும். நான் குடிச்சுச் சொல்லுதேன். நீரு கேட்டு முடிவு சொல்லும்.

— மொதலாளி...

— அம்மாடி! மூக்குல ஏறுதுவே!

— ஒடனே முழுங்காதீக. நாக்குல உருட்டுங்க. என்ன வாசம்?

— பச்ச ஆப்பிளு மாதிரி... இல்ல... விடியக்காலம் பேக்கரி வழியாப் போனா ரொட்டி வேகுத வாசம் வருமே, அது.

— புளிப்பு?

— நெல்லிக்கா கடிச்ச மாதிரி. ஆனா பொறவு வாயக் கழுவி விட்ட மாதிரி சுத்தமாயிருது.

— வினிகர் நெடி? கருகுன வாடை?

— ரெண்டும் இல்ல. காது மட்டும் சூடாவுது.

— அப்ப ஒரு குத்தமும் இல்ல. நாளைக்கு அடுத்தத தைரியமாத் தொறங்க.

— மிச்சத்த வாஷ்பேசின்ல ஊத்திட்டு வாரேன், இரும்... ஊத்தியாச்சு. டம்ளரையும் கழுவிட்டேன். என்னவே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?

— மொதலாளி... பல்லு வலியெல்லாம் இல்ல.

— ம்.

— கண்ணு சரியில்லாமக் கப்பல விட்டு வந்தேன்னு ஒங்ககிட்டச் சொன்னதும் பொய்யி. சாப்பாட்டு மேசையில மிச்சம் கிடந்த டம்ளரெல்லாம் நான்தான் காலி பண்ணுவேன். பொறவு மிச்சம் போதல. முழுப் பாட்டிலாத் திருடுனேன். கொச்சியில எறக்கி விட்டுட்டாக.

— ம்.

— எங்கூரு ஸ்ரீவில்லிபுத்தூர்ல எனக்கு ஒரு சைக்கிளக்கூட யாரும் நம்பிக் குடுக்கல. நீங்க மொத நாளே கம்பெனிச் சாவிக்கொத்தத் தூக்கிக் கையில குடுத்தீக. அன்னைக்குக் குடிய விட்டவன்தான். தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டீக. நன்றின்னு சொல்லணும்னா இதச் சொல்லணும்... அதனால எதையுமே சொல்லாம இருந்துட்டேன்.

— தெரியும்வே.

— என்ன தெரியும்?

— எல்லாந்தான். நீரு வேலை கேட்டு வாரதுக்கு மொத நாளே ஒம்ம சம்சாரம் இந்த ரூமுக்கு வந்து நின்னுச்சு.

— தங்கபாயா!

— ஒண்ணு விடாமச் சொல்லிச்சு. பாட்டில் திருடுனதையும் சேத்துத்தான். "ஒரு சாவியக் குடுத்துப் பாருங்க அண்ணாச்சி, நம்பிக் குடுத்ததக் கீழ விட மாட்டாக"ன்னுச்சு.

— அவ எங்கிட்ட ஒரு வார்த்த... நீங்களும் சொல்லலியே மொதலாளி...

— "அவியளா வாயத் தொறக்குத வரைக்கும் தெரிஞ்சதாக் காட்டிக்கிறாதீங்க"ன்னு சத்தியம் வாங்கிட்டுப் போச்சு. ஒம்ம நன்றிய வீட்டுல போய்ச் சொல்லும்.

— பொறவு எப்படி... இன்னைக்கு இந்தப் பாட்டிலுக்கு முன்னால என்னயக் கூப்பிட்டு உக்கார வச்சீக?

— ராவெல்லாம் யோசிச்சு, காலையில ஸ்ரீவில்லிபுத்தூர் போயி, நீரு கோயிலுக்குப் போயிருந்த நேரத்துல தங்கபாய்கிட்டக் கேட்டேன். "கூப்பிடுங்க அண்ணாச்சி, அவிய இப்பத் தாங்குவாக. ருசி பாக்கணும்னு வந்தா மட்டும் நீங்க குடிச்சுக்கோங்க"ன்னுச்சு... அதான்வே, நான் குடிச்சேன்.