தொண்டைமேல் வைத்த விரல்

எனக்கு டி.வி. பார்க்கிற பழக்கமே கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டால் இராஜபாளையமே வீட்டுக்குள் அடங்கிவிடும். நான் அந்த நேரத்தில் யூனிஃபார்முக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பேன். வெள்ளைத் துணி வெள்ளையாக இருக்க வேண்டும் எனக்கு.

எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்குள் டி.வி. வந்தது போன வருஷம், தொண்ணூற்றேழில். பித்தப்பை ஆபரேஷனுக்காகப் பெரிய டாக்டர் கேமராவும் டி.வி.யும் வாங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற மயக்க மருந்து டாக்டர், அரவிந்தவல்லி அம்மா, அதற்கு இன்னொரு உபயோகம் கண்டுபிடித்தார். மயக்கம் கொடுத்தால் நோயாளி தானாக மூச்சு விட மாட்டார். மூச்சுக்குழாய்க்குள் ட்யூபை இறக்கி நாம்தான் காற்றுக் கொடுக்க வேண்டும். வாய் சரியாகத் திறக்காத ஆளுக்கு அந்தத் துவாரத்தைப் பார்ப்பதே பெரும்பாடு. விளக்கு வைத்த மெல்லிய குழலில் கேமராவை மாட்டி உள்ளே விட்டால் தொண்டை முழுக்க டி.வி.யில் தெரிகிறது. "இனிமே நான் மட்டும் இல்ல, எல்லாரும் பாக்கலாம், எல்லாரும் உதவலாம்" என்று அந்தம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நல்ல டாக்டர். அவர்மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்குக் குமட்டியது. மனுஷ வாயைக் கடவுள் மூடித்தான் வைத்திருக்கிறார். அதைத் திறந்து, எச்சிலும் சளி நூலும் பல்லிடுக்குக் கறையுமாகச் சுவர் அகலத்துக்குக் காட்ட வேண்டுமா?

தலைமை நர்ஸ் நான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அவசரமாக வருகிற கேஸ் என்றால் எனக்கு ஒரு தனி வேலை உண்டு. கழுத்தில் குரல்வளைக்குக் கீழே ஒரு வளையம் தட்டுப்படும். மயக்கம் ஏறும்போதே அதை இரண்டு விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்னால் இருக்கிற உணவுக்குழாய் அடைபடும். வயிற்றில் கிடப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகாது. ட்யூப் இறங்கி, டாக்டர் "விடலாம்" என்று சொன்ன பிறகுதான் விரலை எடுக்கலாம். அதற்கு முன்னால் தியேட்டரே இடிந்து விழுந்தாலும் எடுக்கக் கூடாது.

வைகுண்டராஜை உங்களுக்கே தெரிந்திருக்கும். தளவாய்புரம் ரோட்டில் பாண்டேஜ் துணி யூனிட் வைத்திருந்தவர். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவர் சப்ளைதான். போன ஆடியில் ஒரு புதுக் கட்டைப் பிரித்தேன். மடிப்புக்குள் அறுத்துப் போட்ட தையல் நூல் ஒன்று. அதில் ஒரு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் புண்ணிலோ கிடந்த துணியை வெளுத்து, இஸ்திரி போட்டு, புதுசு மாதிரி மடித்து அனுப்பியிருக்கிறார். அந்த வாரம்தான் வ. புதுப்பட்டி முத்தாத்தாளுக்குப் பிரசவ ஆபரேஷன். நான் பார்ப்பதற்கு முன்பே, தையலுக்கு மேலே அதே சப்ளைத் துணியைத்தான் வைத்திருந்தோம். சீழ் பிடித்தது. வார்டுக்குள் நுழையும்போதே நாற்றம் முகத்தில் அடிக்கும். பிள்ளையைக் கையில் வாங்காமலே போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் வந்து உட்கார்ந்துபோன நாற்காலியை டெட்டால் போட்டுத் துடைப்பேன்.

அந்த மனுஷர்தான், ஒரு கல்யாண வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு, குடலிறக்கம் இறுகி, ஒருநாள் மத்தியானம் எங்கள் மேஜைக்கு வந்தார். புகையிலை அடக்கி அடக்கி வாய் இரண்டு விரல்கூடத் திறக்கவில்லை. கேமராவைக் கொண்டுவரச் சொன்னார் அரவிந்தவல்லி டாக்டர்.

வைகுண்டராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை பிசுபிசுவென்று இருந்தது.

"ஏட்டி ஏசம்மா, எனக்கு மட்டும் நல்ல துணியாப் பாத்துக் கட்டு, என்ன?"

சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். அப்போதே நான் முடிவு பண்ணிவிட்டேன்.

மருந்து ஏறியது. நான் கழுத்தில் விரல் வைத்து அழுத்தினேன். டாக்டர் குழலை உள்ளே விட்டார். டி.வி.யில் வாய் வந்தது. கறுத்த பல், வெந்துபோன ஈறு, கன்னத்து மூலையில் ஒதுக்கி வைத்த புகையிலை.

சளி உறிஞ்சுகிற குழாயைப் பிடித்திருந்த அட்டெண்டர் ராக்கப்பன், "அய்யய்யோ, சாக்கடைய மூடாம விட்டமாதிரில்லா இருக்கு" என்றான்.

"ராக்கப்பா, பேசாம வேலையப் பாரு."

"வேலையத்தாம்மா பாக்கேன். அதான் கொமட்டுது."

டாக்டர் சிரிக்கவில்லை. திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார். "சிஸ்டர், விரல் இருக்கா?"

"இருக்கு டாக்டர்" என்றேன். சொல்லிக்கொண்டே எடுத்துவிட்டேன்.

சிரமமே இல்லை சார். டி.வி. வருவதற்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாராவது என் கையையும் பார்ப்பார்கள். இப்போது எல்லோர் கண்ணும் ஒரே இடத்தில்.

கொஞ்ச நேரத்தில் திரையின் அடியிலிருந்து பழுப்பாகப் பொங்கியது. சோற்றுப் பருக்கை, பாயசத்துச் சேமியா எல்லாம் அடையாளம் தெரிந்தது. டாக்டர் தலைப்பக்கத்தைத் தாழ்த்தச் சொன்னார், உறிஞ்சச் சொன்னார், அந்த அசிங்கத்துக்குள்ளேயே ட்யூபையும் இறக்கிவிட்டார். கெட்டிக்காரர். ஆனால் நுரையீரல் அதற்குள் நிறையக் குடித்துவிட்டது. மறுநாள் உயிர் போனது.

"நாந்தான் லேட் பண்ணிட்டேன் சிஸ்டர்" என்று டாக்டர் அழுதார். காபி வாங்கிக் கொடுத்து, "உங்க கையில என்ன டாக்டர் இருக்கு" என்று தேற்றினேன். அதற்குப் பிறகு அவர் எந்த ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை என்று கேள்வி. ஊரே அவரைத்தான் சொல்கிறது. பாவம்தான்.

ராக்கப்பன் உங்களிடம் வந்து சொன்னது உண்மை. அந்த வாயைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பியிருக்கிறான். திருப்பின பக்கம் என் கை இருந்திருக்கிறது.

ஆகவே கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அசிங்கத்தைத் துடைத்தேன் என்றும் சேர்த்து எழுதினால் நல்லது.

எங்கள் ஆஸ்பத்திரிப் பழைய கட்டுத்துணி அவர் யூனிட்டுக்கு எப்படிப் போனது என்று இரண்டாவது தடவை கேட்கிறீர்கள். நான்தான் கொடுத்தேன். பின்வாசலில் அவர் ஆள் வந்து மூட்டையை எடுத்துப் போவான். கிறிஸ்மஸுக்கு ஒரு சேலை வரும், அவ்வளவுதான். மில்லில் மெஷின் துடைக்க என்று சொன்னார். நானும் மெஷினுக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

முத்தாத்தாள் செத்த பிறகுமா என்றால், ஆமாம், அதற்குப் பிறகும் கொடுத்தேன். ஆனால் சும்மா கொடுக்கவில்லை சார். இரண்டு தண்ணீரில் நன்றாக அலசித்தான் கொடுத்தேன்.