கண்ணாடி வேண்டாத தெரு

— செங்கல் இறக்கியாச்சா? அத மட்டும் சொல்லு மாப்ள.

— இறக்கியாச்சு மாமா. கடைத்தெரு முனையில அடுக்கி வச்சிருக்கு. நீங்க வர்ற வழியில பாத்திருப்பீங்களே.

— பாத்தேன். பொண்டாட்டி கூடப்பொறந்தவன் என் தலையில கல்லப் போட மாட்டான்னு நெனச்சுக்கிட்டே என் பட்டறைக்கு வந்தேன். மேஜையில கை வைக்காத, கண்ணாடிச் சில்லு ஏறும்.

— தலையில கல்லு போடல மாமா. கடைக்காரங்க சங்கத்துல கூப்பிட்டாங்க. முன்பக்கக் கண்ணாடியெல்லாம் எடுத்துட்டு, கதவுக்கு மட்டும் வழி விட்டு சுவர் வைக்கணும்னாங்க. சரின்னேன்.

— சரின்னுட்ட! கேட்டுக்கோ, மொதக் குண்டு வெடிச்சப்ப இந்தத் தெரு முழுக்கக் கண்ணாடி மாத்தினது யாரு? சோறு தண்ணி இல்லாம ஓடியோடி மாத்தினேன். கடை தொறக்கணும், யாருக்கும் வேலை போயிடக் கூடாதுன்னு.

— அத யாரு இல்லன்னா?

— செருப்புக்கடைக்காரர் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதார். உன் கண்ணாடியப் பாத்துத்தான்யா ஜனம் மறுபடி உள்ள வருதுன்னார். கேட்டுக்கோ, இப்ப அதே மனுஷன் சுவர் வைக்கிறாராம். சுவத்துக்குப் பின்னாடி செருப்ப ஒளிச்சு வச்சு யாருக்கு விக்கப் போறார்?

— இப்ப மட்டும் யாருக்கு விக்கிறாராம்? ரெண்டாவது குண்டுக்கு அப்புறம் தெருவுக்குள்ள யாரு மாமா வர்றா? பஸ்ஸ விட்டு எறங்கினதும் தலையக் குனிஞ்சுக்கிட்டு ஓடுறாங்க. அவரு கடையில நின்ன பொண்ணுங்கள வீட்டுக்கு அனுப்பிட்டார். துணிக்கடையில பாதிப் பேரு இல்ல. சாப்பாட்டுக் கடையில ஒத்த அடுப்புதான் எரியுது.

— அதுக்கு நானா குண்டு வச்சேன்? வச்சவனப் பிடிக்க வக்கில்ல, கண்ணாடிக்காரன் பொழப்புல மண்ணப் போட வந்துட்டாங்க!

— கோவப்படாதீங்க. சுவர் வச்சா வேலைக்கு வர்றோம்னு துணிக்கடைப் பொண்ணுங்களே சொல்லியிருக்காங்க. கண்ணாடி பக்கத்துல நிக்கவே பயமா இருக்காம்.

— என்ன பயம்? மொதத் தடவ ஒடஞ்சது மெல்லிசு. அதனாலதான் அத மாத்தினப்ப தடிமனாப் போட்டேன். வேணாம்னவங்களுக்கும் பிடிவாதமாப் போட்டேன். நல்லதுக்குத்தானே போட்டேன்?

— அதுதான் மாமா... சொன்னா வருத்தப்படக் கூடாது.

— சொல்லு. இனிமே வருத்தப்பட என்ன மிச்சம் இருக்கு?

— மெல்லிசு பொடியாக் கொட்டுச்சு, பெருக்கி அள்ளினாங்க. தடிமன் பாளம் பாளமா வந்து இறங்கிடுச்சு. ரெண்டாவது குண்டு வெடிச்சது தெருவோட அந்தக் கோடியில. மருந்துக்கடைப் பொண்ணு இந்தக் கோடியில கல்லாவுல உக்காந்திருந்துச்சு. அது மேல நெருப்பு படல, புகை படல. ஒங்க கண்ணாடிதான் பட்டுச்சு.

— தெரியும்டா.

— தெரிஞ்சுமா ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு தடவகூடப் போகல?

— போயி? அவ அப்பன் முகத்துல எப்படி முழிக்கிறது? அத விடு. கேட்டுக்கோ, நீ இந்த வேலைய எடுக்காத. என் உறவுக்காரனே வேணாம்னுட்டான்னா வேற மேஸ்திரி கை வைக்கத் தயங்குவான், பேச்சு அப்படியே ஆறிப் போகும். கண்ணாடி மேல ஒட்டுற தாள் வருது, ஒடஞ்சாலும் கொட்டாது. தெரு பூரா நானே ஒட்டித் தர்றேன்.

— மாசக்கணக்கா கொத்துக் கரண்டி பிடிக்காத கை மாமா இது. குண்டு வெடிக்கிற ஊர்ல எவன் புதுசா கட்டடம் எழுப்புறான்? என் ஆளுங்க தெனம் காலையில வாசல்ல வந்து நிக்கிறாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்ல?

— எனக்கு என்ன சொல்லுவ? சுவத்துல எந்தக் கண்ணாடிய மாட்டுறது? பட்டறைய மூடிட்டு ஒனக்குக் கலவை கலக்கவா?

— வாங்களேன்.

— எகத்தாளமா?

— மனசாரத்தான் கூப்பிடுறேன் மாமா.

— மொதல்ல இந்தச் சுவர்ப் பேச்ச ஆரம்பிச்சது யாரு? அந்தத் துணிக்கடைக்காரன்தானே? நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்காம விட மாட்டேன்.

— அவர் இல்ல. உக்காருங்க.

— பின்ன யாரு? நீ சொல்லாட்டிப் போ. ஒங்க அக்கா காதுல போட்டாப் போதும், அவளே கண்டுபிடிச்சு, கடை வாசல்ல நின்னு மானத்த வாங்கிடுவா. கேட்டுக்கோ, நீ செங்கல் இறக்கினது தெரிஞ்சா ஒன்னையும் வாசப்படி மிதிக்க விட மாட்டா.

— மாமா... ஆஸ்பத்திரியில அந்த மருந்துக்கடைப் பொண்ணு கண்ணுலேர்ந்து சில்லு எடுத்தப்ப, அது கையப் பிடிச்சுக்கிட்டு நின்னது அக்கா. அங்கேர்ந்து நேரா வந்து, கடை கடையா ஏறி எறங்கி, சுவர் வைங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சினதும் அக்காதான்.